தம்பிக்கு இடம் விட்டு

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் புஷ்பவதியைத் தெரியாத தமிழர் குறைவு. தெரிந்தவர்கள் அவளிடம் வாய் திறக்குமுன் இரண்டு தரம் யோசிப்பார்கள். ஒரு கலியாணப் பேச்சு முற்றாகுமுன்பே ஊருக்குத் தெரியவேண்டுமென்றால் அதை அவள் காதில் போட்டால் போதும். பிளாக்ஹவுஸ் பே கடையில் அவள் மரக்கறி வாங்கி முடிப்பதற்குள் அது நகரத்தின் மறுகோடி மனுகாவ் வரை போய்விடும். 'வானொலி' என்பது பட்டப்பெயர். அதை வைத்தது வேறு யாருமில்லை, புருஷனுடைய தம்பி குமாரசாமிதான். அவளுக்கு அதில் கோபமும் கிடையாது. "ஒளிச்சு வைக்கிறதுக்கு நான் என்ன கள்ளியே?" என்று கேட்பாள். முதியோர் இல்லமொன்றின் சமையற்கட்டில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவள். அங்கேயிருந்த வெள்ளைக்காரக் கிழவிகளுக்கும் நம்மவர் வீட்டுச் செய்திகள் அத்துப்படி.

அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரேயொரு விஷயத்தை மூடி மறைத்தாள். தாஷ்கண்ட் நகரத்தில், ராஜாக்கள் படுத்திருக்கக்கூடிய ஓர் அறையில் இருந்துகொண்டு மறைத்தாள். மறைத்தது பிழை என்று இன்றைக்கு மவுண்ட் ரோஸ்கில் முழுவதும் நியாயம் பிளக்கிறது. அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்ல ஒரு குஞ்சும் இருக்கவில்லை.

அவளுடைய புருஷன் இராசநாயகம் ஆக்லாந்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. வீட்டில் பேச்சுக்குத்தான் புஷ்பவதி இருந்தாளே. தம்பி குமாரசாமி அடுத்த தெருவில் தனியாக இருந்தான். அறுபதைத் தாண்டியும் அந்த வீட்டில் அவன் 'தம்பி'தான், ஆகவே நாமும் அவனை அவன் என்றே சொல்வோம். கலியாணம் பேசியபோதெல்லாம் ஏதோ ஒன்று தட்டிப்போய், பிறகு எல்லோரும் பேசுவதையே விட்டுவிட்டார்கள். இரவுச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். மேசையில் சுவரோரக் கதிரை அவனுடையது. விருந்தாளிகள் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டால் புஷ்பவதி நாகரிகம் பார்க்காமல் எழுப்பிவிடுவாள்.

குமாரசாமி சோவியத் காலத்தில் புலமைப்பரிசில் கிடைத்துத் தாஷ்கண்டில் எஞ்சினியரிங் படித்தவன். அந்த ஆறு வருஷத்தில் அவன் கொண்டுவந்த கதைகளில் ஒரு கதை அந்த மேசையில் சலிக்காமல் ஓடும். பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் ஒரு பழைய ஹோட்டல். ரஷ்யச் சார் மன்னன் காலத்தில் கட்டியது, நகரத்தையே புரட்டிப்போட்ட நிலநடுக்கத்துக்கும் தப்பி நின்றது. பனிக்காலத்தில் இவன் அதன் வாசலால் நுழைந்து, மண்டபத்துச் சுவர்க்கடிகாரத்தில் நேரம் பார்ப்பதுபோல் நடித்து, அந்தச் சாட்டில் கணப்படுப்பில் கையைக் காட்டிச் சூடேற்றுவான். வாசற்காவல்காரன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தோளில் கைவைத்து வெளியே விட்டுவிடுவான். தினமும் இதே கூத்து.

"அண்டைக்கே நினைச்சனான் அண்ணை," என்பான் குமாரசாமி. "ஒருநாள் உங்களையும் கூட்டிக்கொண்டு வந்து அந்த வாசலால நேரா உள்ள போகவேணும். மணிக்கூடு பார்க்கிறதில்லை. நேரா மேல, அறைக்கு."

இராசநாயகம் சோற்றைப் பிசைந்தபடி, "போவம், போவம்," என்பார். அந்தப் 'போவம்' முப்பது வருஷம் போகாமலே கிடந்தது. முதலில் போர், பிறகு அகதி வாழ்க்கை, பிறகு வீட்டு மோட்கேஜ். பிறகு இராசநாயகத்தின் நெஞ்சு. தாய் கொழும்பில் இறந்த செய்தி, அவர் பஸ் டிப்போவில் நிற்கும்போது போனில் வந்தது. போனைக் கையில் வைத்தபடியே சிமெந்துத் தரையில் விழுந்தார். அம்புலன்ஸ், பைபாஸ், மாதக்கணக்கில் படுக்கை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தக் கெட்ட செய்தியும் அவர் காதுக்கு முழுசாகப் போனதில்லை. புஷ்பவதியே அதை மென்று குழைத்துச் சின்னச் சின்னதாக ஊட்டுவாள்.

நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் பொதுவாகவே உண்டு. சாவைச் சாவென்று சொல்லமாட்டோம். 'கொஞ்சம் கடுமையாம்' என்போம். 'ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினமாம்' என்போம். கேட்கிறவன் காரில் பாதி வழி வந்த பிறகுதான் 'முடிஞ்சுது' என்று மெல்ல விடுவோம். பயணத்தில் இருப்பவனுக்கென்றால் அதுவும் இல்லை, வீடு வந்து சேரும்வரைக்கும் மூச்சு விடமாட்டோம். இதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அன்புதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்த அன்பு யாருக்கு வசதியாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கவேண்டும்.

போன வருஷம் குமாரசாமி ஒருவரையும் கேளாமல் மூன்று பேருக்கும் இடம் பதிந்துவிட்டான். அந்தப் பழைய ஹோட்டலை யாரோ வாங்கி, பழைய கதவுகளையும் மரத்தரையையும் அப்படியே வைத்துப் புதுப்பித்து, இப்போது அது உலகத்துப் பணக்காரர்கள் வந்து தங்கும் இடம். "அண்ணை, இனி நாங்கள் காத்திருக்க ஏலாது. உங்கட நெஞ்சும் என்ர முழங்காலும் பொறுக்காது," என்றான். செப்டம்பர் தொடக்கம். ஆக்லாந்தில் குளிர்மழை பெய்துகொண்டிருந்தது. தாஷ்கண்டில் முலாம்பழக் காலம்.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில் அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் பெரிதாக இல்லை. டாக்டர் பறக்கவேண்டாம் என்றார். இராசநாயகம் எல்லாவற்றையும் நிறுத்துவதற்கு ஆயத்தமானார். குமாரசாமி துள்ளி விழுந்தான்.

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. நீங்களும் மச்சாளும் போங்கோ. நான் படுத்திருந்து படம் பாக்கிறன். ஒண்டு மட்டும் செய்யுங்கோ. எந்தப் படம் எடுத்தாலும் பக்கத்தில எனக்கு இடம் விட்டு நில்லுங்கோ. உங்கட பெடியன் பார்த்தீபன் கொம்பியூட்டரில என்னைக் கொண்டுவந்து அதில ஒட்டிவிடுவான். பிறகு சனத்துக்குக் காட்டுவம், மூண்டு பேரும் போனது எண்டு. எங்கட வானொலி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் சரி."

"நான் ஏன் பொத்துறன்? விமானத்தாலை இறங்கின உடனை சொல்லிப்போடுவன்," என்றாள் புஷ்பவதி. மூவரும் சிரித்தார்கள். அவர்கள் மகன் பார்த்தீபன்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். குமாரசாமி போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று கை காட்டினான். முன்கண்ணாடியில் மழைத்துளி நிறைந்திருந்ததால் அவன் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஹோட்டல் அவன் சொன்னதைவிட அழகாக இருந்தது. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கதவு. உள்ளே பெரிய மண்டபம், அந்த மணிக்கூடு, அந்தக் கணப்படுப்பு. நடுமுற்றத்தில் ஒரு மல்பெரி மரம், அதன் கீழ் மேசைகள். வாசலில் இப்போதும் ஒருவன் நின்றான், பித்தளைப் பொத்தான் வைத்த நீளக் கோட்டுடன். அவன் கதவைத் திறந்து தலை குனிந்ததும் இராசநாயகத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தானும் குனிந்தார். பிறகு வெளியே இறங்கி, "இஞ்சாரும், நான் திரும்ப ஒருக்கா வாறன், வீடியோ எடும், தம்பிக்கு அனுப்பவேணும்," என்று மறுபடி நேராக நடந்து வந்தார். மணிக்கூட்டுப் பக்கம் தலையைத் திருப்பவேயில்லை. புஷ்பவதி சிரிப்பில் போனை ஆட்டிவிட்டாள்.

அறையில் கட்டில் ஏறிப்படுக்கச் சின்னப் படி இருந்தது. குளியலறையில் நாலு கால் வைத்த வெள்ளைத் தொட்டி, பித்தளைக் குழாய். புஷ்பவதி கொண்டுபோயிருந்த சின்னப் பிள்ளையார் படத்தைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். இராசநாயகம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தம்பிக்குக் குரற்செய்தி அனுப்பினார். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷன் அங்கே ஒரு குழாயைப் பற்றியே மூச்சு விடாமல் பேசினார். கொஞ்ச நேரத்தில் தம்பியின் பதில் வந்தது, இருமலும் சிரிப்புமாக.

"வாசல்ல நிண்டவன்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு போனியளோ அண்ணை? அது காணும். எனக்கு அது காணும்."

அவன் குரல் அவர்களுக்குக் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மற்ற நாள் முழுக்க இருவரும் ஊர் பார்த்தார்கள். இடம் விட்டுவிட்டுப் படம் எடுத்தார்கள். புதன்கிழமை காலை, இராசநாயகம் அந்தத் தொட்டிக்குள் கிடந்து உரத்துத் தேவாரம் பாடிக்கொண்டிருக்கும்போது புஷ்பவதியின் போன் அடித்தது.

"அம்மா, அப்பா பக்கத்தில நிக்கிறாரோ?" பார்த்தீபன்.

"குளிக்கிறார். பாட்டுக் கேக்குதெல்லே? என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நீங்கள் கதிரையில இருங்கோ. சித்தப்பாக்குக் கொஞ்சம் கடுமையாம்."

இருபது வருஷம் ஊர்ச்செய்தி பரப்பியவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாதா? "கடுமை எண்டா? முடிஞ்சுதோ?" என்றாள்.

"ஓம் அம்மா. லஞ்சுக்கு சூப் கொண்டு போனனான். செற்றியில இருந்தபடியே... ஹார்ட் எண்டு சொல்லுகினம். போன் மடியில கிடந்தது. அப்பான்ர வீடியோ."

உள்ளே பாட்டு ஓங்கி ஒலித்தது. புஷ்பவதி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். பார்த்தீபன் சொல்லிக்கொண்டே போனான். சனிக்கிழமை மண்டபம் கிடைக்கிறது, சனம் வர வசதி. அல்லது அவர்கள் வரும்வரை உடலை வைத்திருக்கலாம், இந்த நாட்டில் ஒரு கிழமை வைத்திருப்பது பெரிய விஷயமில்லை. அப்பாவுக்குச் சொல்வதா, விடுவதா?

"You decide அம்மா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

அவள் கண்ணில் டிப்போவின் சிமெந்துத் தரை வந்து நின்றது. முன்பின் தெரியாத நகரம், பாஷை தெரியாத ஆஸ்பத்திரி, இரண்டு விமானம் மாறி வரவேண்டிய தூரம். செய்தி காதில் விழுந்தால் இவர் இந்த மரத்தரையில் விழுவார். அப்புறம் இரண்டு பேருக்கு அழவேண்டும். வீட்டுக்குக் கூட்டிப்போய், தம்பியின் முகத்தைக் காட்டினால்? அப்போதும் விழுவார். அவள் கணக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் விழுந்துகொண்டே இருந்தார்.

"சொல்லாதை," என்றாள். "நாங்கள் வரும்வரை பார்த்துக்கொண்டு நிக்கவேண்டாம். அந்த முகத்தைக் கண்டால் உன்ர அப்பா தாங்கமாட்டார். நீ பெறாமகன், நீயே கொள்ளி வை. சனிக்கிழமையே செய்து முடியுங்கோ."

குளியலறைக் கதவு திறந்தது. இராசநாயகம் ஹோட்டலின் வெள்ளை அங்கியில் வந்து நின்றார். "ஆரோடை கதைச்சனீர்?"

"பார்த்தீபன். அங்கை மழையாம்," என்றாள் புஷ்பவதி. வாழ்க்கையில் அவள் சொன்ன முதற்பொய் அது என்று சொல்லமாட்டேன். முதலில் சொன்ன பெரிய பொய் அது.

அதற்குப் பின் அந்த ஹோட்டல் அவளுக்குச் சிறையாகிவிட்டது. காலையில் வெள்ளித்தட்டில் திராட்சை வரும், நீலக் கிண்ணத்தில் பச்சைத் தேநீர் வரும், சூடான வட்ட ரொட்டி வரும். அவள் வெறும் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருப்பாள். செத்த வீட்டுத் துடக்கு, இறைச்சி தொடமுடியாது. ஊரே மெச்சும் ஆட்டிறைச்சிப் புலாவை இராசநாயகம் தட்டு நிறைய எடுத்துச் சாப்பிட்டார். அவருக்கும் அது ஆகாது, ஆனால் அவருக்குத் தெரியாதே. ஒவ்வொரு பிடியும் தன் தொண்டையில் இறங்குவதுபோல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். துடக்கோடு சாமிப்படம் வைக்கக்கூடாதென்று பிள்ளையாரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"பிள்ளையார் எங்கை?"

"விழுந்திடும் எண்டு உள்ள வைச்சனான்."

"இத்தனை நாள் விழாத பிள்ளையார்," என்று சிரித்துவிட்டு அவர் தம்பிக்கு அடுத்த குரற்செய்தியைத் தொடங்கினார். "தம்பி, உன்ர மச்சாளுக்கு இஞ்சத்தைச் சாப்பாடு பிடிக்கேல்லை. ஊர் திரும்பினவுடன் உன்னட்டைத்தான் முறையிடப்போறா." அனுப்பிவிட்டுப் போனையே பார்த்தார். "இருமல் கூடிப்போச்சோ தெரியேல்லை. பதிலைக் காணேல்லை. ஒருக்கா எடுத்துப் பார்ப்பமோ?"

"அங்கை இப்ப படுத்திருப்பர். எழுப்பாதேங்கோ," என்றாள். அவர் திரும்பியதும் குளியலறைக்குள் போய் மகனுக்குக் குசுகுசுத்தாள். பார்த்தீபன் என்ன செய்வான், பாவம். சித்தப்பாவின் போன் அவனிடம் இருந்தது. அதிலிருந்து உயர்த்திய கட்டைவிரல் சின்னம் ஒன்றை அனுப்பினான்.

"பார்த்தீரோ!" என்று இராசநாயகம் போனை அவளுக்குக் காட்டினார். "கதைக்க ஏலாட்டியும் விரலைக் காட்டிப்போட்டான்." அன்று பின்னேரம் முழுக்க அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் கீழே முற்றத்தில் தேநீர் குடிக்கப் போன நேரம், அறை துப்புரவாக்க ஒரு பெண் வந்தாள். தலையில் பூப்போட்ட துணி, வாயில் இரண்டு தங்கப்பல். புஷ்பவதியால் அதற்கு மேல் முடியவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் கொட்டினாள். குமாரசாமியைப் பற்றி, சுவரோரக் கதிரையைப் பற்றி, கணப்படுப்பில் காட்டிய கையைப் பற்றி, தான் 'சொல்லாதை' என்று சொன்னதைப் பற்றி. அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை விளங்கியிருக்காது. ஆனால் கையிலிருந்த தலையணை உறையைக் கீழே வைத்தாள். கம்பளத்தில் புஷ்பவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து மெல்லிய குரலில் எதையோ ஓதி, கைகளை முகத்தில் தடவி இறக்கினாள். பிறகு எழுந்து கட்டிலை விரிக்கப் போனாள். குமாரசாமிக்காகப் புஷ்பவதி உட்கார்ந்து அழுத செத்த வீடு அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை. ஆக்லாந்தில் அப்போது பின்னேரம், தகனத்துக்குச் சவப்பெட்டியை உள்ளே அனுப்பும் நேரம். பார்த்தீபன் சொல்லியிருந்தான். முற்றத்தில், மல்பெரி மரத்தின் கீழ், இராசநாயகம் முலாம்பழத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே உற்றுப் பார்த்தார்.

"ஏன் உம்மட முகம் இப்பிடிக் கிடக்கு? என்னத்தையோ மறைக்கிறீர்."

அவருடைய கண்ணைத் தன் முகத்திலிருந்து எடுக்கவேண்டும், அவளுக்கு அவ்வளவுதான் தோன்றியது. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "ஒண்டுமில்லை. எழும்பி அந்த மரத்தோடை நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்." அவர் எழுந்து மரத்தை ஒட்டி நின்றார். "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ," என்றாள். "தம்பிக்கு இடம் காணாது. சிரியுங்கோ."

அவர் தள்ளி நின்றார். இல்லாத தோளில் கை போடுவதுபோல் இடக்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார். அவள் படத்தை எடுத்தாள். எடுத்துவிட்டு மேலே போய் அந்த வெள்ளைத் தொட்டிக்குள் தலையில் தண்ணீர் வார்த்து முழுகினாள். கூந்தலில் நீர் சொட்ட அவள் வந்ததைக் கண்டு இராசநாயகம், "பொம்பிளையள் வெள்ளிக்கிழமையெல்லே முழுகிறது?" என்றார். நேற்று மறந்துபோனேன் என்றாள்.

ஆக்லாந்து விமான நிலையத்தில் பார்த்தீபன் காத்து நின்றான். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டிருந்தான். தாயும் மகனும் போனில் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போய், தேத்தண்ணி கொடுத்து, மாத்திரை கொடுத்து, பக்கத்தில் இருவரும் உட்கார்ந்துகொண்டு மெல்லச் சொல்வது என்று. இராசநாயகம் தம்பிக்கென்று வாங்கிய உஸ்பெக் குல்லாவைப் பையில் போடாமல் கையிலேயே கொண்டுவந்தார்.

"வீட்டை பிறகு போகலாம். முதல்ல சித்தப்பாவிட்டை விடு," என்றபடி மகனை நிமிர்ந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

பார்த்தீபனுக்கு மீசை இல்லை. தொப்பி போட்டுத் தலையை மறைத்தவன் மீசையை மறந்துபோனான். பதினெட்டு வயதிலிருந்து எடுக்காத மீசை. நம்மவர்களில் ஓர் ஆம்பிளை தலையும் மீசையும் வழித்தால், அவன் யாருக்கோ கொள்ளி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். தகப்பன் இங்கே உயிரோடு நிற்கிறார். தாய் பக்கத்தில் நிற்கிறாள். பார்த்தீபன் கொள்ளி வைக்கக்கூடிய மூன்றாவது ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான்.

"எப்ப?" என்றார் இராசநாயகம்.

சனம் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பக்கமும் போயிற்று.

"எப்ப எண்டு கேக்கிறன்."

"புதன்கிழமை அப்பா. சனிக்கிழமை எடுத்தது."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் போனார். ஓரிடத்தில் நிறுத்தி அதை மகனிடம் நீட்டினார். வியாழக்கிழமை. உயர்ந்த கட்டைவிரல்.

"அப்ப இது ஆர்?"

"நான்தான் அப்பா. Sorry. உங்களுக்கு ஏதும் ஆகிடும் எண்டு..." பார்த்தீபன் நடு மண்டபத்தில் குழந்தை மாதிரி அழுதான்.

புஷ்பவதி அவரைப் பிடிப்பதற்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். எத்தனை நாளாக இந்தக் கணத்துக்குத் தன்னைத் தயார் செய்திருந்தாள். ஆனால் அவர் விழவில்லை. நிறம் செத்து, உதடு காய்ந்து, குல்லாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகத்தான் நின்றார்.

"நான் விழேல்லை, பார்த்தீரோ," என்றார் அவளிடம். "வாய்க்கரிசி போட என்னை விட்டிருக்கலாம்."

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கோபித்துக் கத்தவில்லை, சாப்பாட்டைத் தள்ளவில்லை. கத்தியிருந்தால் அவள் பதிலுக்கு அழுது, தான் பட்ட பாட்டைச் சொல்லி, காலில் விழுந்து எப்படியாவது ஆறியிருப்பாள். அவர் மாத்திரையை நேரத்துக்குப் போட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் போனில் யாராவது அவளோடு பேசினால், முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உண்மையாய் என்ன சொன்னவை?" என்று கேட்கத் தொடங்கினார். கடையில் சீனி விலை ஏறியது என்று அவள் சொன்னாலும், "உண்மையாகவோ?" என்பார். கேலி கிடையாது. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை, அவ்வளவுதான். வாயில் ஒன்றும் தங்காத வானொலியை நம்பி நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன்.

அவளும் வாயை மூடிக்கொண்டாள். பிளாக்ஹவுஸ் பே கடைக்காரர் ஒருநாள், "அக்கா, என்ன நியூஸ் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டதற்கு, இல்லை தம்பி என்று கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முப்பத்தோராம் நாள் வீட்டில் படையல். சனம் வந்து சாப்பிட்டுப் போய்விட்டது. சுவரோரக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. பார்த்தீபன் மடிக்கணினியோடு தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தாஷ்கண்ட் படங்கள் எல்லாவற்றையும் அதில் போட்டிருந்தான்.

"அப்பா, சித்தப்பா கேட்டவர்தானே. இதில அவரை வைச்சுச் செய்து தரட்டோ? சரியாய் வரும். நீங்கள் இடம் விட்டுத்தானே நிண்டனீங்கள்."

மல்பெரி மரத்தடிப் படம் திரையில் இருந்தது. வெறும் வெளியில் கையைப் போட்டுக்கொண்டு இராசநாயகம் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"ஒட்டவேண்டாம்," என்றார். "அண்டைக்கு அவன் இல்லை. இல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. அது அப்பிடியே இருக்கட்டும். பெரிசாய் எடுத்துக் கொண்டுவா, அந்தக் கதிரைக்கு மேலை மாட்டுவம்."

பார்த்தீபன் தலையாட்டினான். புஷ்பவதி படையலுக்கு வைத்த இலையை மடித்துக்கொண்டிருந்தாள். இராசநாயகம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவளைக் கூப்பிட்டார்.

"இஞ்சாரும். இது அந்தச் சனிக்கிழமைதானே?"

"ஓம்."

"அந்த நேரம் அவனை எரிச்சுக்கொண்டிருந்தவை. உமக்குத் தெரியும்."

"ஓம்."

"தள்ளி நில்லுங்கோ, தம்பிக்கு இடம் காணாது எண்டு சொன்னனீர்."

மடித்த இலை அவள் கையிலேயே இருந்தது. எத்தனையோ நாளாகச் சொல்லக் காத்திருந்த காரணங்கள் அத்தனையும், டிப்போத் தரை, பாஷை தெரியாத ஆஸ்பத்திரி, அவருடைய நெஞ்சு, எல்லாம் அவள் வாய்வரை வந்தன.

"ஓம்," என்றாள். "சொன்னனான்."